பயிற்சியாளர் தன் பலவீனத்தை மாணவர்களிடம் ஒப்புக்கொள்ளலாமா?

அன்புச் சகோதரருக்கு, "கிறிஸ்தவப் பயிற்சியாளராகிய நான் என் தவறுகளையும் பலவீனங்களையும் அணியிடம் மனந்திறந்து சொல்லலாமா, சொன்னால் கட்டுப்பாடு போய்விடாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் என்னைப் போல ஒரு மிஷன் பள்ளியில் பணியாற்றுபவராகவும், அண்மையில் ஏதோ ஒரு மாணவனை அளவுக்கு மீறிக் கடிந்துகொண்டு மனம் உறுத்துபவராகவும் இருப்பீர்கள் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். தென்மாவட்டம் ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வாலிபால் பயிற்சி கொடுத்து வருகிறேன். சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும் என்பதே என் பதில். நான் அதைக் கற்றுக்கொள்வதற்கான விலையை என் மாணவன் ஒருவன் கொடுத்தான்.

கல்லூரி நாட்களில் ஓர் இறுதிப் போட்டியில் கணுக்கால் பிசகிய பிறகும் நான் கோர்ட்டை விட்டு வெளியேறவில்லை. அணிக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு ஒவ்வோர் ஆண்டும் இந்தக் கதையைச் சொல்வேன்; வலியோடு ஆடியதையும் கோப்பையை வென்றதையும் சொல்லி, "கர்த்தர் பெலன் கொடுத்தார்" என்று முடிப்பேன். அன்று லிகமென்ட் கிழிந்ததையும், அதற்குப் பின் பழைய உயரத்துக்குத் தாவ முடியாமல் போனதையும், விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கவிருந்த வேலை கைநழுவியதையும், ஜெபிக்கவும் மனமின்றி மாதக்கணக்கில் வீட்டில் முடங்கிக் கிடந்ததையும் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. சொன்னதில் பொய் இல்லை, பாதியை மறைத்திருந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் பிளஸ் டூ மாணவன் ஒருவன் எங்கள் அணியில் தாவிப் பந்தை எதிரணிப் பக்கம் அடிக்கும் முதன்மை அட்டாக்கராக இருந்தான். மாவட்டப் போட்டிக்கு முந்திய வாரங்களில் அவன் தாவலில் வேகம் குறைந்தது. காலைப் பயிற்சியில் எல்லாப் பிள்ளைகளும் கேட்கும்படி அவனைச் சோம்பேறி என்று திட்டினேன். "கால்ல ஏதாவது இருக்கா?" என்று ஒரே ஒரு முறை கேட்டேன், "ஒண்ணும் இல்ல சார்" என்றான், நம்புவது எனக்கு வசதியாக இருந்ததால் நம்பினேன். போட்டி அன்று மூன்றாவது செட்டில் ஸ்மாஷ் அடித்துவிட்டுத் தரையிறங்கியவன் எழுந்திருக்கவில்லை. ஷூவைக் கழற்றி, நீளக் காலுறையை உருட்டி இறக்கியபோது உள்ளே கிரேப் பேண்டேஜ் இறுகச் சுற்றப்பட்டிருந்தது. வியர்வையில் பலமுறை நனைந்து உலர்ந்து, அதன் ஓரங்களில் எங்கள் மைதானத்துச் செம்மண் சாயம்போல் ஏறியிருந்தது. அது அன்று காலையில் கட்டிய கட்டு அல்ல. முன்காலெலும்பில் மயிரிழை அளவுக்கு விரிசல், எட்டு வாரம் ஓடக்கூடாது என்றார் மருத்துவர். மருத்துவமனை வராந்தாவில், "ஏன்டா எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல், "நீங்களும் அப்படித்தானே சார் ஆடினீங்க" என்றான்.

1895-இல் அமெரிக்காவின் ஹோலியோக் நகரத்து ஒய்.எம்.சி.ஏ.வில் வில்லியம் மோர்கன் இந்த ஆட்டத்தை உருவாக்கியதே, கூடைப்பந்தின் ஓட்டத்தையும் மோதலையும் தாங்க முடியாத நடுவயதினருக்காகத்தான் என்று பயிற்சிக் கல்லூரியில் படித்தவன் நான். உடம்பை வருத்தாமல் ஆடுவதற்கென்று ஒரு கிறிஸ்தவச் சங்கத்தின் கூடத்தில் பிறந்த ஆட்டத்தில், என் பேச்சை நம்பிய பிள்ளையின் எலும்பு விரிசல் கண்டது என்ற நினைப்பு அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை.

நம் சபைகளில் சாட்சி சொல்லும் முறையை எண்ணிப் பாருங்கள். வியாதி சொஸ்தமான பிறகும், கடன் அடைந்த பிறகும், குடி விட்ட பிறகுமே ஒருவர் எழுந்து நின்று சாட்சி சொல்கிறார். இன்னும் ஆறாத புண்ணைப் பற்றிப் பேச அங்கே இடமில்லை. அதே பழக்கத்தை நாம் மைதானத்துக்கும் கொண்டுவந்துவிட்டோம். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஞாயிற்றுக்கிழமை ஓட மறுத்து 100 மீட்டரை விட்டுக்கொடுத்த ஸ்காட்லாந்து ஓட்டக்காரரும் மிஷனரியுமான எரிக் லிடல், 400 மீட்டரில் 47.6 விநாடியில் தங்கம் வென்றதைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அதே லிடல் பிற்காலத்தில் சீனாவின் வெய்சியன் தடுப்பு முகாமில், ஞாயிற்றுக்கிழமை ஹாக்கி ஆட்டத்தில் பிள்ளைகள் சண்டையிட்டுக்கொண்டதைக் கண்டு, தன் உறுதியைத் தளர்த்தி நடுவராக நின்றதையும், 1945-இல் மூளைக்கட்டியால் அங்கேயே இறந்ததையும் நம்மில் எத்தனை பேர் சொல்கிறோம்? "பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்" என்ற வசனத்தைப் பவுல் எழுதியபோது, மூன்று தரம் வேண்டிக்கொண்டும், மாம்சத்திலே முள் என்று அவர் சொன்ன உபாதை நீங்கியிருக்கவில்லை.

மறுநாள் காலையில் பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து, நானும் தரையில் உட்கார்ந்து, கதையின் மறுபாதியைச் சொன்னேன். எல்லோர் முன்னிலையிலும் திட்டியதால் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன். பிறகு அந்த மாணவனின் வீட்டுக்குச் சென்று அவனிடமும் அவன் தகப்பனாரிடமும் கேட்டேன். தகப்பனார் கடைசிவரை மன்னித்துவிட்டதாகச் சொல்லவில்லை. அது அவருடைய உரிமை. அணியில் ஒருவன் சில வாரங்கள் என் சொல்லை அலட்சியம் செய்தான் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. ஆனால் அந்த வாரமே, அடிப்பவனுக்குப் பந்தை உயர்த்திக் கொடுக்கும் எங்கள் செட்டர், தோள்பட்டையில் ஒரு மாதமாக வலி இருப்பதாகத் தானே வந்து சொன்னான். அந்தத் தோளோடுதான் நாள்தோறும் அவனைச் சர்வீஸ் போடவைத்திருந்தேன்.

"பயம் இல்லாவிட்டால் பையன்கள் கட்டுப்பட மாட்டார்கள்" என்று சொல்பவர்கள் இருப்பார்கள். நான் கண்டிப்பைக் கைவிடவில்லை. இன்றும் தாமதமாக வருபவன் மைதானத்தைச் சுற்றி ஓடியே ஆக வேண்டும். பள்ளி நிர்வாகங்களின் மேல் எனக்கு வருத்தமும் உண்டு. ஆண்டு முழுவதும் விளையாட்டு வகுப்பைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொண்டு, ஆண்டு முடிவில் கோப்பை எங்கே என்று மட்டும் கேட்டால், எந்தப் பயிற்சியாளர் தன் பலவீனத்தைச் சொல்லத் துணிவார்? மதத்தைத் திணிக்கிறீர்கள் என்று வேறு சிலர் சொல்லக்கூடும். என் அணியில் பாதிப் பேர் இந்துப் பிள்ளைகள். மன்னிப்புக் கேட்ட அன்று நான் வசனமும் சொல்லவில்லை, ஜெபமும் செய்யவில்லை. தப்பை ஒப்புக்கொள்ளும்படி என் விசுவாசம் என்னைத்தான் கட்டாயப்படுத்தியது, அவர்களை அல்ல.

ஒன்றில் மட்டும் மிகவும் கவனமாக இருங்கள். உங்கள் குடும்பப் பிரச்சினையையும் கடனையும் மனச்சோர்வையும் பிள்ளைகளிடம் இறக்கி வைக்காதீர்கள். அவற்றுக்கு ஆயரோ நண்பரோ மருத்துவரோ வேண்டும். உங்களைத் தேற்றும் வேலை பதினாறு வயதுப் பிள்ளைக்கு உரியதல்ல. அவர்களைப் பாதித்த உங்கள் தவற்றையும், அவர்களைக் காக்கக்கூடிய உங்கள் அனுபவத்தையும் மட்டும் சொல்லுங்கள். பதிலுக்கு அவர்களும் தங்கள் இரகசியங்களைச் சொல்லியாக வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். எந்தப் பிள்ளையோடும் தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேச வேண்டாம். நான் நெட்டை அவிழ்க்கும் நேரத்தில், மற்றவர்கள் பார்வையில் படும்படி கம்பத்தின் அருகே நின்றுதான் பேசுகிறேன். சொல்ல விரும்புகிறவன் நெட்டின் மறுமுனையைப் பிடித்துக்கொள்ள வருவான்.