நிரல்களையும் பிற உரைகளையும் எழுதித் திருத்த உதவும் மென்பொருளான விம் எடிட்டரைத் திறந்ததும் ஏன் நேரடியாகத் தட்டச்சு செய்ய முடிவதில்லை?

நிரல் எழுதுபவரின் நேரத்தில் பெரும்பகுதி, ஏற்கெனவே எழுதியதைப் படிப்பதிலும் திருத்துவதிலுமே கழிகிறது என்பதால், விம் திறந்தவுடன், விசைகள் எழுத்துகளாகாமல் கட்டளைகளாகச் செயல்படும் கட்டளை நிலையில் நிற்கிறது. ஐ (i) விசையை அழுத்தினால் எழுதும் நிலைக்கு மாறும்; எஸ்கேப் விசை மீண்டும் கட்டளை நிலைக்குக் கொண்டுவரும்.

கட்டளை நிலையில் டி (d) என்றால் நீக்கு, சி (c) என்றால் மாற்று, டபிள்யூ (w) என்றால் சொல்; எனவே டி, டபிள்யூ என அடுத்தடுத்து அழுத்தினால், கர்சர் நிற்கும் இடத்திலிருந்து அடுத்த சொல் வரை நீங்கிவிடும். அடைப்புக்குறிகளுக்குள் கர்சர் எங்கே இருந்தாலும், சி, ஐ, அடைப்புக்குறி ஆகிய மூன்றையும் வரிசையாக அழுத்தினால், உள்ளிருப்பவை அனைத்தும் அழிந்து, புதியவற்றை எழுத இடம் தயாராகிவிடும். அதே மாற்றம் வேறோர் இடத்திலும் தேவையென்றால், அங்கே சென்று முற்றுப்புள்ளி விசையை மட்டும் அழுத்தினால் போதும். விம்மின் ஆகப்பெரிய பலம் இதுதான் என்பேன்.

கர்சரை நகர்த்த எச், ஜே, கே, எல் விசைகள் அமைந்ததற்கும் காரணம் உண்டு: விம்முக்கு முன்னோடியான விஐ எடிட்டரை நிரலாளர் பில் ஜாய் 1976இல் எழுதத் தொடங்கியபோது பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ (ADM-3A) என்ற, திரையும் விசைப்பலகையும் கொண்ட கணினி முனையத்தில், அம்புக்குறிகள் அந்த விசைகளின் மேலேயே அச்சிடப்பட்டிருந்தன.

பழகுவதற்கு, விம்முடன் சேர்ந்தே வரும் விம்டியூட்டர் பயிற்சியை முதலில் முடித்துவிடுங்கள்.