ஆராதனைக்கு நேரம் எங்கே? – அக்கா பதில்கள்

இந்த மாதக் கடிதங்களைப் பிரித்தால், ஆளுக்கொரு விதமாக எல்லாரும் ஒன்றையே கேட்டிருக்கிறீர்கள்: தினசரி வாழ்க்கையில் ஆராதனைக்கு எப்படி முதலிடம் கொடுப்பது? புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் போதகர் இல்லை. பணிக்காலம் முழுவதும் மருத்துவமனை வார்டில், பெரும்பாலும் இரவுப் பணியில் இருந்த நர்ஸ். என் பதில்களில் வார்டு வாசனை கொஞ்சம் அடிக்கும்.

அன்புள்ள அக்கா, எனக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். வேலைக்கும் போகிறேன். ‘நாளின் முதல் மணி நேரம் கர்த்தருக்கு’ என்று எங்கள் சபையில் அடிக்கடி சொல்வார்கள். நானும் அதிகாலையில் எழுந்து முழங்கால் போடுகிறேன், அங்கேயே தூங்கிவிடுகிறேன். அப்புறம் நாள் முழுக்கக் குற்ற உணர்வு. தேவனை இரண்டாம் இடத்துக்குத் தள்ளிவிட்டேனா?
– ஒரு சகோதரி

முதலில் நன்றாகத் தூங்கம்மா. கிண்டலுக்குச் சொல்லவில்லை. எலியா சூரைச்செடியின் கீழே படுத்துக்கொண்டு ‘போதும் கர்த்தாவே’ என்றபோது, தூதன் வந்து தட்டியெழுப்பிச் சாப்பிடச் சொன்னான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். அதற்கும் தூதன் ஒன்றும் சொல்லவில்லை. ஓரேப் மலையில் தேவன் பேசியதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இயேசு இருட்டோடே எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபித்தார் என்று மாற்கு முதல் அதிகாரத்தில் இருக்கிறது. அதைக் காட்டித்தான் அதிகாலை ஜெபத்தை வலியுறுத்துகிறார்கள். நல்லதுதான். ஆனால் அதே இயேசு ஒரு ராத்திரி முழுவதும் மலையில் ஜெபித்ததை லூக்கா எழுதியிருக்கிறார். தானியேல் நாளைக்கு மூன்று வேளை முழங்கால் போட்டார். 55-ஆம் சங்கீதக்காரர் ‘அந்தி சந்தி மத்தியானம்’ என்று அந்தியில் ஆரம்பிக்கிறார். நான் இரவுப் பணி முடித்துக் கிளம்பும் நேரத்தில், மற்றவர்கள் அதிகாலை ஜெபத்தை முடித்துவிட்டு அன்றைய வேலையைத் தொடங்கியிருப்பார்கள். என் அதிகாலை சாயங்காலம்தான் வரும். அந்த வேளையில் ஏறெடுத்த ஜெபத்தைக் கர்த்தர் தாமதக் கணக்கில் எழுதியிருப்பார் என்று நான் நம்பவில்லை.

அப்படியானால் முதலிடம் என்பதை எதை வைத்துச் சொல்வது? இரண்டு காரியங்கள் மோதும்போது எது நகர்ந்து கொடுக்கிறது என்று பாருங்கள். எப்போது பார்த்தாலும் ஆராதனைதான் நகர்ந்து கொடுக்கிறது என்றால், காலை நான்கு மணிக்கு எழுந்தாலும் அது முதலிடத்தில் இல்லை.

ஆகாய் தீர்க்கதரிசியின் புத்தகம் இரண்டே அதிகாரம்தான், இன்றைக்கே வாசித்துவிடுங்கள். கி.மு. 520. பாபிலோனிலிருந்து திரும்பி வந்த ஜனங்கள் ஆலயத்துக்கு அஸ்திபாரம் போட்டதோடு சரி, வருஷக்கணக்காக வேலை அப்படியே கிடக்கிறது. ஆலயம் வேண்டாம் என்று அவர்களில் யாரும் சொல்லவில்லை. ‘காலம் இன்னும் வரவில்லை’ என்றுதான் சொன்னார்கள். அதற்குள் அவரவர் வீடு அழகாக எழும்பிவிட்டது. நாமும் ஆராதிக்க மாட்டேன் என்றா சொல்கிறோம்? பரீட்சை முடியட்டும், வீட்டுக் கடன் அடையட்டும், பிள்ளைகள் கொஞ்சம் பெரிதாகட்டும் என்கிறோம். உங்கள் கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை. தூக்கக் கலக்கத்தோடு முழங்கால் போடுகிற அளவுக்கு ஆசை இருக்கிறது. ஆகவே குற்ற உணர்வை விட்டுவிட்டு, நேரத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

எனக்கு உதவிய வழியைச் சொல்கிறேன். வார்டில் பணி மாறும்போது, போகிறவர் வருகிறவரிடம் ஒவ்வொரு நோயாளியின் நிலைமையையும் சொல்லி ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும். இன்றைக்கு அதைச் செய்ய மனம் வருகிறதா, களைப்பாக இருக்கிறதா என்று எவரும் கேட்பதில்லை. அது நடக்காமல் ஒருவர் வெளியே போக முடியாது, இன்னொருவர் வேலையைத் தொடங்க முடியாது. என் ஜெபத்தையும் அப்படி ஒரு வாசலில் கொண்டுபோய் வைத்தேன். சீருடை போடுவதற்கு முன்னால் ஒரு சங்கீதம், வாய்விட்டு. ஒரே ஒரு நன்றி, ஆனால் அன்றைய நாளுக்கே உரியது. அப்புறம் கர்த்தருடைய ஜெபம். பத்து நிமிஷம்கூட ஆகாது. உங்கள் நாளிலும் நகராத ஒரு வேளை இருக்கும். பிள்ளைகள் கண் அசந்த உடனே, அல்லது வேலைக்கு இறங்குவதற்கு முன்னால். அதோடு முடிச்சுப் போடுங்கள். கை மொபைலுக்குப் போகும் முன்னால் என்பது மட்டும் என் கண்டிப்பு.

இன்னொன்று. கிடைக்கிற ஐந்து நிமிஷத்தையும் விண்ணப்பப் பட்டியலாலேயே நிரப்பிவிடாதீர்கள். கர்த்தருடைய ஜெபத்தின் வரிசையைப் பாருங்கள். அவருடைய நாமம், அவருடைய ராஜ்யம், அவருடைய சித்தம், அதற்கு அப்புறம்தான் நம் அப்பம். மூன்று விண்ணப்பம் தாண்டித்தான் நாம் உள்ளே வருகிறோம். கேட்பது தப்பென்று சொல்லவில்லை, அப்பத்தைக் கேட்கச் சொன்னவரும் அவர்தான். ஆனால் எதுவும் கேட்காமல், ‘நீர் நல்லவர்’ என்று மட்டும் சொல்லி ஒரு நிமிஷம் உட்கார்ந்து பாருங்கள். ஆரம்பத்தில் நமக்கு அது எவ்வளவு பழக்கமில்லாத காரியம் என்று தெரியும்.

‘இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்தை நாளுக்கு மூன்று தடவை சொல்லுங்கள்’ என்று திடாகே என்ற ஆதிச்சபைக் கையேடு சொல்கிறது. ஒரு மணி நேரம் கிடைக்காத நாளில் எனக்கு இது பெரிய ஆறுதல்.

அக்கா, எனக்கு ஞாயிறு தோறும் ஷிப்ட் வருகிறது. சபைக்குப் போக முடியவில்லை. மொபைலில் நேரலை ஆராதனை பார்க்கிறேன். இது போதுமா? ஞாயிற்றுக்கிழமை வேலை செய்வது பாவமா?
– ஒரு தம்பி

பாவமென்றால் நான் எப்போதோ தொலைந்திருப்பேன் தம்பி. ஓய்வுநாளில் சுகமாக்கினதற்காக இயேசுவையே குறை சொன்னார்கள். நோயாளிக்கும் தீயணைப்பு வண்டிக்கும் ஞாயிறு கிடையாது.

ஆனால் ஒரு சரித்திரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஓய்வு என்று ரோமப் பேரரசில் சட்டம் வந்தது 321-இல், கான்ஸ்டன்டைன் காலத்தில். அதுவரைக்கும் ஏறக்குறைய முந்நூறு வருஷம் கிறிஸ்தவர்களுக்கு ஞாயிறும் மற்ற நாளைப் போல ஒரு நாள்தான். அவர்கள் என்ன செய்தார்கள்? பித்தினியாவின் ஆளுநராக இருந்த பிளினி, ஏறக்குறைய 112-இல் பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தில் அந்த விவரம் இருக்கிறது. பிளினி நம்முடைய ஆள் இல்லை, கிறிஸ்தவர்களைப் பிடித்து விசாரித்தவர். குறித்த ஒரு நாளில் விடியும் முன்னே கூடுவார்களாம், கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாவித்துப் பாடுவார்களாம், பிரிந்து போய் மறுபடி சாப்பாட்டுக்குக் கூடுவார்களாம். லீவு கிடைக்கவில்லை என்று கூடுகையை விடவில்லை, வேளையை மாற்றிக்கொண்டார்கள்.

அதனால் நீங்களும் தேடுங்கள். உங்கள் சபையில் சனி மாலையோ ஞாயிறு மாலையோ ஆராதனை உண்டா? வாரநாளில் வீட்டுக் கூடுகை உண்டா? உடன் வேலை செய்பவர்களோடு ஷிப்ட் மாற்றிக்கொள்ள முடியுமா? வேறு மதத்துத் தோழிகளின் பண்டிகை இரவுகளை நான் எடுத்துக்கொள்வேன், அவர்கள் எனக்கு ஞாயிறு காலைகளைத் தருவார்கள். யாருக்கும் நஷ்டமில்லை.

நேரலை விஷயம். படுக்கையில் கிடப்பவர்களுக்கு அது வரப்பிரசாதம். நோயாளிகள் காதில் மாட்டிக்கொண்டு கண்ணீரோடு கேட்டதைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கோ கால் நன்றாக இருக்கிறது. மொபைலில் திருவிருந்தை யாரும் உங்கள் கையில் தரமாட்டார்கள். நீங்கள் இரண்டு வாரமாக வாடிப்போயிருப்பது பக்கத்தில் நிற்பவருக்குத் தெரிய வராது. பிரசங்கம் குத்துகிற இடத்தில் நிறுத்திவிடவும் முடியும், அதுதான் ஆபத்து. வேறு வழியில்லாத வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஓவர்டைம் ஆசையில் நீங்களே கேட்டு வாங்கிய ஞாயிறு என்றால் அது வேறு கதை. அதை நான் சொல்லித்தான் தெரியவேண்டுமா?

பாடல் வேளையில் எல்லாரும் கை உயர்த்தி அழுகிறார்கள். எனக்கு ஒன்றுமே வருவதில்லை. வெறும் உதட்டு ஆராதனை செய்வதைவிடப் போகாமலே இருந்துவிடலாமே?
– ஒரு வாசகர்

போங்கள். ஒன்றும் வராமலே போங்கள். 13-ஆம் சங்கீதம் ‘கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்’ என்று ஆரம்பித்து, ஆறே வசனத்தில் பாட்டில் முடிகிறது. 88-ஆம் சங்கீதம் அப்படிக்கூட முடிவதில்லை, இருளிலேயே நின்றுவிடுகிறது. அதையும் சேர்த்துத்தான் தேவ ஜனங்கள் பாட்டுப் புத்தகமாகக் காத்துவந்தார்கள். வார்டில் ஒரு குழந்தை போய்விட்ட இரவுகளில் என்னால் துதிப்பாடல் பாட முடிந்ததில்லை. 88-ஐ வாசித்துவிட்டு எழுந்துவிடுவேன். அதுவும் அவருக்கு முன்னால் நிற்பதுதானே.

மல்கியா காலத்தில் ஜனங்களும் அலுத்துப்போனார்கள். ஆனால் அங்கே தேவன் கோபித்தது எதற்கு என்று கவனியுங்கள். குருடும் முடமுமான ஆடுகளைப் பலியிடக் கொண்டுவந்தார்கள். அதை உங்கள் அதிபதிக்குக் கொடுத்துப் பாருங்கள், வாங்கிக்கொள்வானா என்று கேட்டார். மனம் வறண்டு கிடப்பது ஒன்று, மிச்சத்தைக் கொண்டுவந்து கொடுப்பது இன்னொன்று. உங்கள் வறட்சியோடு நேரத்துக்குப் போய், தூங்கி எழுந்த முகத்தோடு, வசனத்தைக் காது கொடுத்துக் கேட்டால் அது நல்ல ஆடுதான். மாதக்கணக்கில் எதிலுமே மனம் ஒட்டவில்லை, தூக்கமும் பசியும் கெட்டுவிட்டன என்றால் மட்டும் டாக்டரையும் பாருங்கள். அதை நான் நர்ஸாகச் சொல்கிறேன்.

என் மனைவி எப்போதும் உபவாச ஜெபம், கன்வென்ஷன், வீட்டுக் கூட்டம் என்று போய்விடுகிறாள். வீட்டையும் வயதான என் அம்மாவையும் கவனிப்பதில்லை. கேட்டால் ‘தேவனுக்கு முதலிடம்’ என்கிறாள். நான் என்ன சொல்ல?
– ஒரு சகோதரர்

அவரிடம் சொல்ல: ‘உமக்கு நான் தரவேண்டியது கொர்பான், தேவனுக்குக் காணிக்கை’ என்று சொல்லி, பெற்றோரைக் கைவிட்டவர்களை இயேசு மாற்கு 7-இல் எப்படிக் கேட்டார் என்று வாசிக்கட்டும். பலிபீடத்தண்டை வந்தபின்பு சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகச் சொன்னவரும் அவர்தான். வீட்டு ஆட்களை மிதித்துக்கொண்டு ஏறிப்போகிற ஆராதனையை வேதம் எங்கேயும் மெச்சவில்லை.

உங்களிடம் சொல்ல: அவர் உங்கள் அம்மா. அவரைக் குளிப்பாட்டவும் மாத்திரை கொடுக்கவும் மகனுக்குக் கை இருக்கிறது. ‘வீட்டைக் கவனிப்பதில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள், நீங்கள் கவனிப்பதைப் பற்றி ஒரு வரி இல்லை. தான் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்கும் ஒரே இடம் அந்தக் கூட்டம்தான் என்று உங்கள் மனைவி நினைக்கிறாரோ என்னவோ. வாரத்தில் எந்தக் கூட்டம் அவருக்கு உயிரானது என்று கேட்டு, அந்த வேளைக்கு அம்மாவை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றவற்றைப் பேசுவது அப்புறம் சுலபமாகும்.

‘எதைச் செய்தாலும் கர்த்தருக்கென்றே செய்யுங்கள்’ என்று வசனம் இருக்கிறதே. என் வேலையே ஆராதனை என்றால், தனியாக ஜெபம் எதற்கு?

இதைக் கேட்பவர்கள் சமையலறையிலேயே தேவ சமுகத்தை உணர்ந்த சகோதரர் லாரன்ஸைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். 1691-இல் இறந்த அந்தப் பிரெஞ்சுக்காரர் பாரிஸில் கர்மேல் சபைத் துறவிகளின் மடம் ஒன்றில் சமையல் வேலை பார்த்தார். பாத்திரங்களின் சத்தத்துக்கு நடுவிலும் அவருக்கு ஜெபம் நின்றதில்லை என்பது உண்மை. ஆனால் அவர் வாழ்ந்தது ஜெப வேளைகள் குறித்து வைத்திருந்த ஒரு மடத்தில் என்பதை மறந்துவிடுகிறோம். அந்த வேளைகள்தான் அடுப்படி வரைக்கும் நீண்டன என்பது என் எண்ணம்.

லூக்கா 10-இல், சகோதரி மரியாள் இயேசுவின் பாதத்தில் உட்கார்ந்துவிட்டாள், நான் மட்டும் வேலை செய்கிறேன் என்று அவரிடம் புகார் சொன்ன மார்த்தாளைத் திட்டிப் பிரசங்கிப்பவர்களுக்கும் இங்கே ஒரு வார்த்தை. யோவான் 12-இல் மறுபடி ஒரு விருந்து, மறுபடியும் மார்த்தாள் பணிவிடை செய்கிறாள், மரியாள் பாதத்தில்தான் இருக்கிறாள். மார்த்தாள் இந்தத் தடவை புகார் சொன்னதாக எழுதப்படவில்லை. இடையில், 11-ஆம் அதிகாரத்தில், ‘நீர் தேவகுமாரனாகிய கிறிஸ்து’ என்று அவள் அறிக்கை செய்திருக்கிறாள். அவள் வேலையை விட்டதாகத் தெரியவில்லை.

குடும்ப ஜெபத்துக்கு வளர்ந்த பிள்ளைகள் முனகிக்கொண்டே வருகிறார்கள். எவ்வளவு நேரம் நடத்தலாம்?
– ஒரு தாய்

பத்து நிமிஷம். பாட்டை அவர்கள் தேர்ந்தெடுக்கட்டும், உங்களுக்குப் பிடிக்காத பாட்டாக இருந்தாலும் சேர்ந்து பாடுங்கள். வேதத்தை ஆளுக்கு இரண்டு வசனம் வாசிக்கட்டும். உங்கள் ஜெபத்தில், ‘ஆண்டவரே, இவன் மொபைலை விட்டுப் படிக்க கிருபை செய்யும்’ என்று ஆரம்பிக்காதீர்கள். அவனை நேரில் திட்டத் தைரியமில்லாமல் தேவன் வழியாகத் திட்டுகிறீர்கள் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். பரீட்சை நாளிலும் ஜெபம் நடக்கட்டும், மூன்று நிமிஷமாகச் சுருக்கிக்கொள்ளலாம், ரத்து மட்டும் வேண்டாம். மேட்ச் நடக்கும் நாளில் அப்பாவுக்கும் அதே விதிதான்.