தலைப்பு வரும்வரை பக்கம் காத்திருக்கலாமா?

கேள்வி: எங்கள் செய்தித் தளத்தைத் திறந்தால் முதலில் மேற்பட்டை மட்டும் தெரிகிறது; தலைப்பும் செய்தியும் சற்றுப் பிந்தியே வருகின்றன. இதைத் தவிர்க்க, பக்கம் முழுவதையும் சிஎஸ்எஸ் (தோற்றத்தை வகுக்கும் மொழி) கொண்டு மறைத்துவிட்டு, எல்லாம் இறங்கிய பின் உலாவியில் இயங்கும் நிரலான ஜாவாஸ்கிரிப்ட் மூலம் காட்டுகிறோம். சில கைபேசிகளில் வெள்ளைத் திரையே நிற்பதாக வாசகர்கள் எழுதுகிறார்கள். தலைப்பும் முதல் பத்தியும் வரும்வரை மட்டும் காட்சியை நிறுத்திவைக்க முறையான வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் இப்போதைய முறையை முதலில் கைவிடுங்கள். எல்லாம் இறங்கிவிட்டது என்று ஜாவாஸ்கிரிப்டுக்குச் சொல்லும் லோட் நிகழ்வு, பொதுவாகப் பக்கத்தின் அடியில் இருக்கும் படங்களும் விளம்பரச் சட்டங்களும்கூட வந்த பிறகே எழும். ஒரு விளம்பரம் தாமதித்தால் உங்கள் தலைப்பும் அதற்காகக் காத்திருக்கும். அந்த ஜாவாஸ்கிரிப்ட் கோப்பே வராமல் போனாலோ, அதில் பிழை நேர்ந்தாலோ, ஏற்கெனவே கைபேசிக்கு வந்து சேர்ந்துவிட்ட செய்தியை வாசகரால் பார்க்கவே முடியாது. வந்த எழுத்தை வாசகரிடமிருந்து மறைத்துவைப்பதை நான் பெரிய குறையாகவே கருதுகிறேன். கைபேசியில் விரைவாகத் திறப்பதற்கென்று கூகுள் தொடங்கிய ஏஎம்பி வகைப் பக்கங்களும் மறைந்த நிலையில்தான் திறக்கும். ஆயினும் ஸ்கிரிப்ட் வராவிட்டால் 8 நொடிகளில் சிஎஸ்எஸ் அசைவூட்டமே பக்கத்தைக் காட்டிவிடும்படியும், ஜாவாஸ்கிரிப்ட் அணைக்கப்பட்ட உலாவியில் மறைப்பே செயல்படாதபடியும் அவற்றில் காப்பு வைத்திருக்கிறார்கள்.

பக்கக் குறிமுறையின் தொடக்கத்தில் உள்ள ஹெட் பகுதியில் இணைக்கப்பட்ட சிஎஸ்எஸ் கோப்பு வரும்வரை உலாவி தானாகவே எதையும் வரையாது. உள்ளடக்கத்துக்கும் இத்தகைய நிறுத்தத்தைக் கேட்கும் வசதி 2024-இல் குரோம் 124-ஆம் பதிப்பில் வந்தது. ஹெட் பகுதியில் ஒரு லிங்க் குறிச்சொல்லை எழுதி, அதன் ரெல் பண்புக்கு எக்ஸ்பெக்ட் என்றும், பிளாக்கிங் பண்புக்கு ரெண்டர் என்றும் மதிப்பிட்டு, ஹெச்ரெஃப் பண்பில் # குறியுடன் முதல் பத்திக்கு இட்ட ஐடியை (அடையாளப் பெயரை) கொடுத்தால், அந்தப் பத்தியின் முடிவுக் குறியை உலாவி படித்துமுடிக்கும்வரை முதல் காட்சி நிற்கும். ஐடியைக் கட்டுரை முழுவதையும் சூழ்ந்த பெட்டிக்கு இட்டுவிடாதீர்கள். அப்படிச் செய்தால் கடைசி வரி வரும்வரை திரை காலியாகவே இருக்கும். அகன்ற திரைக்கு மட்டும் இந்த நிறுத்தம் போதுமானால், மீடியா பண்பின் மூலம் வரையறுக்கலாம். இதை அறியாத உலாவி அந்த வரியைப் பொருட்படுத்தாமல் வழக்கம்போல் பக்கத்தைக் காட்டும் என்பதால் எவருக்கும் இழப்பில்லை.

செய்தியைச் சேவையகம் பக்கத்தின் குறிமொழியான ஹெச்டிஎம்எல்லாகவே அனுப்பினால்தான் இது பயன்படும். ஜாவாஸ்கிரிப்ட் பின்னர் எடுத்துவந்து நிரப்பும் செய்திக்காக உலாவி காத்திருக்காது. ஆவணத்தைப் படித்து முடித்ததும், குறித்த ஐடி கிடைக்காவிட்டாலும், நிறுத்தத்தை விலக்கிவிடும். உங்கள் தளம் அப்படி ஜாவாஸ்கிரிப்ட் நிரப்பும் வகையானால், தலைப்பையும் முதல் பத்தியையும் சேவையகத்திலேயே எழுதி அனுப்புவதுதான் உண்மையான தீர்வு. புதிய இணைப்பில் சேவையகம் கைபேசியின் ஒப்புதலுக்குக் காத்திராமல் முதல் சுற்றில் அனுப்பக்கூடியது ஏறத்தாழ 14 கிலோபைட்டுதான். பட்டிகளையும் உள்ளே எழுதிய ஸ்கிரிப்ட்களையும் குறைத்து, சுருக்கி அனுப்பும் நிலையில் அந்த அளவுக்குள் தலைப்பைக் கொண்டுவந்துவிட்டால் நிறுத்தமே தேவைப்படாமல் போகலாம்.

படத்துக்காகவும் எழுத்துருவுக்காகவும் காட்சியை நிறுத்தாதீர்கள். படத்துக்கு அகல உயரங்களை முன்பே குறித்துவிட்டால் அதற்கான இடம் காலியாகக் காத்திருக்கும், எழுத்து நகராது. தமிழ் எழுத்துருக்கள் ஒன்றுக்கொன்று அகலத்திலும் உயரத்திலும் வெகுவாக மாறுபடுவதால், மாற்று எழுத்துருவிலிருந்து உங்கள் எழுத்துருவுக்கு மாறும்போது வரிகள் குதிக்கும். எழுத்து காத்திராமல் மாற்று எழுத்துருவிலேயே தெரிய ஃபான்ட் டிஸ்பிளே பண்பில் ஸ்வாப் என்று கொடுத்து, வரிகள் குதிக்காதிருக்க மாற்று எழுத்துருவின் அளவைச் சைஸ் அட்ஜஸ்ட் கொண்டு உங்கள் எழுத்துருவோடு ஒப்ப வையுங்கள். முதல் காட்சி 1.8 நொடிக்குள்ளும், பக்கத்தின் மிகப்பெரிய உள்ளடக்கம் 2.5 நொடிக்குள்ளும் தெரிய வேண்டும் என்பது கூகுள் வகுத்துள்ள அளவு. நிறுத்தத்தைச் சேர்த்த பின், வேகம் குறைந்த இணைப்பில் விலை மலிவான ஒரு கைபேசியைக் கொண்டு இவ்விரண்டையும் அளந்து, முதல் காட்சி 1.8 நொடியைக் கடந்துவிட்டால் அந்த லிங்க் வரியை நீக்கிவிடுங்கள்.