மதில் தாண்டாதே, ஜோங்!

கேள்வி: சீனத்தின் 'ஷிஜிங்' காதல் பாட்டுத் தொகுப்பா, நீதிநூலா?

பதில்: பாட்டு வேறு, உரை வேறு. 305 பாடல்களில் 76-ஆவதை எடுங்கள். ஊர் மதிலைத் தாண்டாதே, மரத்தை முறிக்காதே என்று ஜோங் என்பவனிடம் ஒருத்தி கெஞ்சுகிறாள். உன்மேல் ஆசைதான், ஆனால் பெற்றோர் பேச்சுக்குப் பயம். அடுத்த சரணத்தில் வீட்டு மதில், அண்ணன்மார். மூன்றாவதில் தோட்டத்துச் சுவர், ஊர் வாய். அவன் சரணத்துக்குச் சரணம் நெருங்கி வருகிறான்; அவள் சொல்லும் பயமோ பெற்றோரிடமிருந்து ஊராருக்கு விலகிப் போகிறது. பாட்டின் அழகே இந்த எதிரெதிர் ஓட்டம்தான்.

ஹான் அரசமரபுக் காலத்தில் (கி.மு. 206 – கி.பி. 220) இந்நூலுக்கு எழுந்த மாவோ உரை இதையெல்லாம் தள்ளிவிடுகிறது. தம்பியை அடக்கத் தவறிய, பழைய சீனச் சிற்றரசுகளில் ஒன்றான ஜெங் நாட்டுக் கோமகன் ஜுவாங்கைக் கண்டிக்கும் பாட்டாம். ஜோங் என்பது அவனுக்குப் புத்தி சொன்ன அமைச்சர் ஜாய் ஜோங்காம்! பெண் காணாமலே போய்விட்டாள். 12-ஆம் நூற்றாண்டில் ஜு ஷி என்ற கன்பூசிய அறிஞர் தம் உரையில் அவளை மீட்டார், ஒழுக்கம் கெட்டவள் என்ற முத்திரையோடு. எனவே முதலில் பாட்டை மட்டும் படியுங்கள். சுவர், மரம், அஞ்சப்படும் ஆள் மூன்றும் எங்கே மாறுகின்றன என்று குறித்துக்கொண்டு பிறகு உரைக்குப் போங்கள். உரையில் தொடங்கினால் ஆசை கண்ணில் படாது.

கேள்வி: அதே நூலில் அழகியின் கழுத்தைப் புழுவுக்கு ஒப்பிடுகிறார்களாமே?

பதில்: ஆம், 57-ஆவது பாட்டு. வேய் நாட்டுக்கு மணமகளாக வந்த ஜுவாங் ஜியாங்கின் வருணனை. மரம் துளைக்கும் வண்டின் புழு வெள்ளையாக, நீளமாக இருக்கும். உறைந்த கொழுப்புப்போல் மேனி, சுரை விதைபோல் பற்கள்; எல்லாம் வெண்மையும் வழுவழுப்பும்.

கேள்வி: ஹான் காலத்து அறிஞர் லியு ஷியாங் தொகுத்த பெண்கள் வரலாற்று நூலில் கற்புதான் எல்லாமா?

பதில்: இல்லை. ஏழு அதிகாரங்களில் நான்காவதுதான் நேராகக் கற்பைப் பேசுகிறது. தாய்மை, மதியூகம், முன்யோசனை, கடமை, சொல்வன்மை ஆகியவற்றுக்கும் தனித்தனி அதிகாரங்கள் உண்டு; ஏழாவது, நாட்டைக் கெடுத்தவர்களுக்கு.

ஆனால் நான்காவதில்தான் உடல் விலையாகிறது. லியாங் நாட்டு விதவை ஒருத்தி, மன்னன் பெண் கேட்டு ஆளனுப்பியதும் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு தன் மூக்கை அறுத்துக்கொள்கிறாள். அழகுக்காகத்தானே கேட்கிறான், அது போனால் விட்டுவிடுவான் என்பது அவள் கணக்கு. 'காவோஷிங்', அதாவது உயர்ந்த நடத்தையுள்ளவள், என்று மன்னன் பட்டம் கொடுத்தான்.

சோங் நாட்டுக் கோமகனின் விதவை போஜி, கி.மு. 543-இல் வீடு தீப்பற்றியபோது, துணைப்பெண் வராமல் இரவில் வெளியேற மாட்டேனென்று உள்ளேயே இருந்து இறந்தாள். லியு ஷியாங் அவளைப் புகழ்கிறார். அவருக்கு முந்திய 'ஜுவோ' உரையோ (பழைய வரலாற்றுக் குறிப்பேடான 'வசந்தமும் இலையுதிர்காலமும்' நூலுக்கான உரை), காத்திருப்பது கன்னிப்பெண் வழக்கம், மணமானவள் நிலைமை பார்த்து நடந்திருக்கலாமே என்கிறது. எனக்கும் அதுதான் நியாயமாகப் படுகிறது.