தேவகோட்டைப் பக்கம் எங்கள் கோயில் அசன விருந்தில் (எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் பொது விருந்து) மிஞ்சும் இலையையும் சோற்றையும் உரமாக்க முடியுமா?

தாராளமாக முடியும். ஆனால் எல்லாவற்றையும் ஒரே குழியில் கொட்டினால் நாற்றமும் நாய்த் தொல்லையும்தான் மிஞ்சும். வாழை இலையை முழுசாகப் போட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உள்ளே காற்றே போகாது, அரிவாளால் நறுக்கிப் போடுங்கள். இலை, காய்கறித் தோல், மிச்சச் சோறு எல்லாம் சேர்ந்து ஒரு கூடை என்றால் காய்ந்த சருகு இரண்டு மூன்று கூடை வேண்டும், குழம்பு ஊறிய சோற்றுக்கு இன்னும் கூடவே போடலாம். நடுவில் கொஞ்சம் சாணம். நம்ம ஊர் வெயிலில் மேலே சட்டென்று காய்ந்துவிடும், அதனால் கையில் அள்ளிப் பார்த்து, பிழிந்த துணி அளவு ஈரம் இல்லையென்றால் தண்ணீர் தெளித்துவிட்டு, வாரம் ஒரு முறை கிளறுங்கள். மூன்று நான்கு மாதத்தில் உரம் தயார்.

கறி, எலும்பை இதில் சேர்க்க வேண்டாம், தனிக்குழியில் ஆழமாகப் புதைத்துவிடுங்கள். பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் கப்பும் மக்காது. 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் அதற்குத் தடையும் இருக்கிறது (கடையில் கிடைக்கிறதே என்று வாங்காதீர்கள்). எவர்சில்வர் டம்ளர் போதும்.

அப்புறம் முக்கியமானது, பந்தியில் கேட்டுப் பரிமாறச் சொல்லுங்கள். முந்தின ஞாயிறே டோக்கன் கொடுத்துத் தலை எண்ணிவிட்டால் உலை வைக்கும்போதே அரிசி குறையும்.