ரோகு தின்னும் தவிட்டைக் கொடுவாவுக்கும் போடலாமா?

ரோகு, கட்லா ஆகிய கெண்டை மீன்களுக்குப் போடும் தவிட்டையும் கடலைப் புண்ணாக்கையும் கொடுவாவுக்கும் போட்டால் தீவனச் செலவு குறையுமே என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து போடாதீர்கள்.

ரோகுவுக்கு இரைப்பையே கிடையாது. ஆனால் அதன் குடல் உடல் நீளத்தைப் போலப் பல மடங்கு. தவிட்டிலுள்ள மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் நொதியும் தாராளமாகச் சுரக்கும். கொடுவா ஊனுண்ணி. குடல் குட்டை, அமைலேஸும் சொற்பம்.

செரித்துவிட்டாலும் சிக்கல் தீராது. இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ரத்தச் சர்க்கரையை இறக்கும் இன்சுலின் மீனுக்கும் உண்டு. ஆனால் அதைச் சுரக்க வைப்பதில் மாவு செரித்து வரும் குளுக்கோஸைவிட, புரதம் செரித்து வரும் அமினோ அமிலங்களுக்கே வலு அதிகம். அதனால் கொடுவா போன்ற மீன்களின் ரத்தத்தில் ஏறிய சர்க்கரை இறங்கப் பல மணி நேரம் பிடிக்கும். மிச்சம் கல்லீரலில் கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையாகவும் கொழுப்பாகவும் சேரும். அப்படி வளர்ந்த மீனை அறுத்தால் கல்லீரல் வெளிறிப் பெருத்திருக்கும்.

அதற்காக மாவே ஆகாது என்றில்லை. அளவான மாவு எரிபொருளாகும்போது, விலை கூடிய புரதம் சதை வைக்கப் பயன்படும்; குளத்தில் அமோனியாவும் குறையும். மிதவைத் தீவனம் கரையாமல் நிற்பதற்கும் மாவு வேண்டும். கெண்டை இனங்கள் தீவனத்தில் 30–40 சதவீதம் வரை தாங்கும். கொடுவாவுக்கு 20-ஐத் தாண்டாதீர்கள். எந்த மீனானாலும் மாவை வேகவைத்தே சேருங்கள், பச்சை மாவு சரியாகச் செரிக்காது.