ஈரான் அணு ஒப்பந்தத்தை எதிர்த்தவர்களில் யார் யூதர் என்று பட்டியல் போட்டது சரியா?

நீங்கள் கேட்பது 2015 செப்டம்பரில் நடந்ததைப் பற்றி. ஈரானுடனான அணு ஒப்பந்தத்தை எதிர்த்த, அமெரிக்க நாடாளுமன்றத்தின் ஜனநாயகக் கட்சி உறுப்பினர்களின் பெயர்களை நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் தன் இணையதளத்தில் அட்டவணையாக வெளியிட்டது. அவர்களில் யார் யூதர் என்பதற்கு ஒரு தனிப் பத்தி ஒதுக்கி, அதில் மஞ்சள் வண்ணத்தால் அடையாளமிட்டு, அவரவர் மாநிலத்திலோ தொகுதியிலோ யூத மக்கள் எத்தனை விழுக்காடு என்ற மதிப்பீட்டையும் சேர்த்திருந்தது. கண்டனம் எழுந்த பிறகு அந்தப் பத்தி நீக்கப்பட்டு, ஒரு விளக்கக் குறிப்பு சேர்க்கப்பட்டது. “இதில் என்ன தவறு? அவர்கள் யூதர்கள் என்பதால்தானே எதிர்த்தார்கள்?” என்பது உங்கள் கேள்வி.

அந்த அட்டவணை தவறு என்பதே என் கருத்து. ஆனால் யூத அடையாளத்தைப் பற்றி அந்த விவாதத்தில் பேசியதே தவறு என்று நான் சொல்ல மாட்டேன். அந்த உறுப்பினர்களே தங்கள் அடையாளத்தைப் பற்றி வெளிப்படையாகவும் விரிவாகவும் பேசினார்கள். அவர்கள் சொன்னதை முழுவதும் படித்தால், அந்த அடையாளம் அவர்களை நீண்ட காலம் தூங்கவிடாமல் யோசிக்க வைத்தது என்பது தெரியும். ஆனால் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று அது அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததாகத் தெரியவில்லை.

முதலில் எண்ணிக்கையைப் பார்ப்போம். அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் அன்று யூதர்கள் 9 பேர். டயேன் ஃபைன்ஸ்டைன், பார்பரா பாக்ஸர், பெர்னி சாண்டர்ஸ், அல் ஃபிராங்கன், ரான் வைடன், பிரையன் ஷாட்ஸ், ரிச்சர்ட் புளூமெந்தால் ஆகிய 7 பேர் ஒப்பந்தத்தை ஆதரித்தனர். சக் ஷூமரும் பென் கார்டினும் எதிர்த்தனர். கீழவையான பிரதிநிதிகள் சபையின் யூத உறுப்பினர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் ஆதரவாளர்களே. நாளிதழின் அட்டவணைக்கு மேலே இருந்த குறிப்பே, ஒப்பந்தத்தை எதிர்க்கும் யூத உறுப்பினர்களைவிட ஆதரிக்கும் யூத உறுப்பினர்கள் அதிகம் என்பதை ஒப்புக்கொண்டிருந்தது. அப்படியிருக்க, எதிர்த்தவர்களின் பட்டியலில் மட்டும் அந்த மஞ்சள் நிறம் எதற்கு? ஆதரித்தவர்களுக்கு அப்படியொரு பட்டியல் போடப்படவில்லை. ஒரு பக்கத்தில் மட்டும் மதத்தை எண்ணும்போது, மறுபக்கத்தில் இருப்பவர்கள் ஒப்பந்தத்தைப் படித்து முடிவெடுத்தார்கள் என்றும், இந்தப் பக்கத்தில் இருப்பவர்கள் பிறப்பைப் பார்த்து முடிவெடுத்தார்கள் என்றும் வாசகர் தாமாகவே புரிந்துகொள்வார். யூதர்களை அடையாளம் காட்ட மஞ்சள் நிறத்தைத் தேர்ந்தெடுத்தது, நாஜிகள் அவர்கள் உடையில் தைக்க வைத்த மஞ்சள் நட்சத்திரத்தைப் பலருக்கு நினைவூட்டியது. அது தற்செயலாக நேர்ந்ததாகவே இருக்கலாம். ஆனாலும் ஒரு பெரிய பத்திரிகை அலுவலகத்தில் யாரேனும் ஒருவர் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

ஒப்பந்தம் என்ன சொன்னது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எதிர்த்தவர்களின் வாதங்கள் அதிலிருந்து எழுந்தவை. 2015 ஜூலை 14 அன்று வியன்னாவில் ஈரானும் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, ரஷ்யா, சீனா ஆகிய ஆறு நாடுகளும் உடன்பாட்டுக்கு வந்தன. ஈரான் தன்னிடம் இருந்த செறிவூட்டிய யுரேனியத்தை 300 கிலோவாகக் குறைத்து, 15 ஆண்டுகளுக்கு 3.67 விழுக்காட்டுக்கு மேல் செறிவூட்டாமல் இருக்க வேண்டும்; யுரேனியத்தைச் செறிவூட்டும், ஏறத்தாழ 19,000 ஆக இருந்த சென்ட்ரிஃப்யூஜ் இயந்திரங்களை 6,104 ஆகக் குறைக்க வேண்டும்; சர்வதேச அணுசக்தி முகமையின் ஆய்வாளர்களை அனுமதிக்க வேண்டும். பதிலுக்கு, அணுத் திட்டம் தொடர்பான பொருளாதாரத் தடைகள் விலக்கப்படும். இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகு, உடன்பாடு எட்டப்படும் முன்பே, மார்ச் 3 அன்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் வந்து நின்று இதை எதிர்த்துப் பேசினார். குடியரசுக் கட்சியின் சபாநாயகர் அதிபர் மாளிகையைக் கலந்துகொள்ளாமல் அவரை அழைத்திருந்ததால், ஜனநாயகக் கட்சியினர் பலர் அந்த உரையைப் புறக்கணித்தனர். யூத உறுப்பினர்கள் இரு பக்கமும் இழுபட்டது அன்றே தொடங்கிவிட்டது.

ஷூமர் தன் முடிவை ஆகஸ்ட் 6 இரவு எழுத்தில் வெளியிட்டார். அதில் யூதர் என்ற முறையில் எழும் உணர்ச்சிகளுக்கு இடம் மிகக் குறைவு. சந்தேகத்துக்குரிய ஓர் இடத்தை ஆய்வாளர்கள் பார்க்க 24 நாட்கள் வரை ஆகலாம் என்பதையும், தடைகளை மீண்டும் கொண்டுவரும் ஏற்பாடு சிக்கலானது என்பதையும், பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் கட்டுப்பாடுகள் தளர்ந்தால் என்ன ஆகும் என்பதையும் அவர் ஒவ்வொன்றாக எடுத்து வாதிட்டார். அந்த வாதங்களில் சிலவற்றை நான் ஏற்கவில்லை. ஒப்பந்தம் இல்லாவிட்டால் அந்தக் கட்டுப்பாடுகள் நாளையே இல்லாமல் போகும் என்ற எளிய கேள்விக்கு அவரிடம் போதிய பதில் இல்லை என்பது என் எண்ணம். ஆனால் அவை ஒப்பந்தத்தின் வாசகங்களைப் பற்றிய வாதங்கள். அவற்றுக்கு அதே தளத்தில்தான் பதில் சொல்ல வேண்டும். நடந்தது வேறு. அவரைத் துரோகி என்றும், அவர் எந்த நாட்டின் செனட்டர் என்றும் கேட்டு எழுதினார்கள்; ஓர் இடதுசாரி இணையதளத்தில் இஸ்ரேல் கொடியோடு அவரைக் கேலிச்சித்திரமாக வரைந்தார்கள். அதே நிலைப்பாட்டை எடுத்த மெனென்டெஸ், மேன்சின் ஆகிய யூதரல்லாத செனட்டர்களிடம் எந்த நாட்டுக்கு விசுவாசம் என்று யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

இரட்டை விசுவாசம் என்ற இந்தக் குற்றச்சாட்டு யூதர்களுக்குப் புதிதல்ல. 1894இல் பிரான்சில் டிரைஃபஸ் என்ற யூத இராணுவ அதிகாரியைச் செய்யாத குற்றத்துக்காகத் தண்டித்தபோது கூட்டம் முழங்கியதும் இதையே. தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்த ஒரு பெயர் இதில் உண்டு. மாண்டேகு–செம்ஸ்போர்டு சீர்திருத்தம் என்று பள்ளிப் பாடத்தில் படித்தோமே, அந்த எட்வின் மாண்டேகு ஒரு யூதர். 1917இல் பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தாயகம் அமைக்க ஆதரவு தரும் பால்ஃபர் பிரகடனத்தைப் பிரிட்டிஷ் அரசு தயாரித்தபோது, அதை அரசுக்குள் இருந்து மிகக் கடுமையாக எதிர்த்தவர் அவர். அப்படி ஒரு தாயகத்தை அறிவித்தால், தாம் பிறந்து வளர்ந்த நாட்டிலேயே யூதர்கள் அந்நியராகக் கருதப்படுவார்கள் என்று அவர் அஞ்சினார். முடிவு எடுக்கப்பட்ட வேளையில் அவர் இந்தியாவுக்கான பயணத்தில் இருந்தார். அந்தத் தாயகக் கருத்தை 1915லேயே அமைச்சரவையின் முன் வைத்தவர் ஹெர்பர்ட் சாமுவேல். அவரும் யூதர், அதிலும் மாண்டேகுவுக்கு ஒன்றுவிட்ட சகோதரர். ஒரே குடும்பம், ஒரே கட்சி, ஒரே மதம். நிலைப்பாடு மட்டும் நேர் எதிர். யூதர் என்பதை வைத்து ஒருவரின் வாக்கைக் கணிக்கலாம் என்று நினைப்பவர்கள் இந்த இருவரையும் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

2015க்குத் திரும்பினால், என்னைப் பொறுத்தவரை அந்தக் கோடையில் மிகக் கடினமான இடத்தில் நின்றவர் ஜெரால்ட் நாட்லர். அப்போது நான் மன்ஹாட்டனின் மேற்குப் பகுதியில் குடியிருந்தேன். அவர் எங்கள் தொகுதி உறுப்பினர். தாராளவாத யூதர்கள் நிறைந்த எங்கள் பகுதியும், மரபு வழுவாத யூதர்கள் வாழும் புரூக்ளினின் பரோ பார்க்கும் ஒரே தொகுதிக்குள் வரும். நியூயார்க்கைச் சேர்ந்த மற்ற யூதப் பிரதிநிதிகளான ஏங்கல், நீட்டா லோவி, ஸ்டீவ் இஸ்ரேல், குடியரசுக் கட்சியின் செல்டின் ஆகிய அனைவரும் எதிர்ப்புப் பக்கம். நாட்லர் ஒருவர்தான் ஆகஸ்ட் 21 அன்று ஆதரவு என்று அறிவித்தார். அறிவிப்போடு ஒரு நீண்ட கட்டுரையும் வந்தது. தம் கவலைகளுக்குப் பதிலாக அதிபர் ஒபாமாவிடமிருந்து எழுத்துப்பூர்வமான கடிதத்தையும் அவர் வாங்கியிருந்தார்.

எங்கள் கட்டடத்தில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் இருந்தார், யூதர். அந்தக் கட்டுரையை அச்செடுத்து, பக்க ஓரங்களில் பென்சிலால் கேள்விகள் எழுதி, மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். மின்தூக்கிக்காகக் காத்திருந்தபோது அதை எடுத்து என்னிடம் காட்டினார். 24 நாள் விதி பற்றிய பத்திக்கு அருகே இரண்டு கோடுகள் போட்டிருந்தார். “இந்த ஒரு இடத்தில் அவர் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. மற்றதில் அவர் சொல்வது சரி” என்றார். அவருடைய மகள் ஒப்பந்தத்துக்கு முழு எதிர்ப்பு என்றும், வெள்ளிக்கிழமை இரவு உணவின்போது இதைப் பற்றிப் பேசக் கூடாது என்று வீட்டில் ஒரு தடை வந்துவிட்டது என்றும் சொன்னார். யூத வாக்கு என்று ஒற்றைச் சொல்லாகப் பேசுபவர்களைக் கேட்கும்போதெல்லாம் பென்சில் கோடுகள் போட்ட அந்தத் தாள்கள்தான் என் நினைவுக்கு வருகின்றன.

அந்த நாட்லரைத் தம்மைச் சேர்ந்தவர்களே எப்படிப் பேசினார்கள் தெரியுமா? சமூக வலைத்தளத்தில் அவரைக் ‘காப்போ’ என்று அழைத்தார்கள். நாஜி முகாம்களில் சக கைதிகளைக் கண்காணிக்க அமர்த்தப்பட்ட கைதிகளுக்கு அந்தப் பெயர். ஒரு யூதர் மற்றொரு யூதரைப் பார்த்துச் சொல்லக்கூடிய வசைகளில் இதைவிடக் கொடியது அநேகமாக இல்லை. ஆக, எதிர்த்த ஷூமர் அமெரிக்காவுக்குத் துரோகி. ஆதரித்த நாட்லர் யூதர்களுக்குத் துரோகி. இரண்டு வசைகளுக்கும் அடிப்படை ஒன்றுதான்: யூதர் என்றால் இஸ்ரேல் அரசு சொல்வதைச் செய்பவர் என்ற எண்ணம். முன்னது அதைக் குற்றமாக்குகிறது, பின்னது அதைக் கடமையாக்குகிறது. 2019 ஆகஸ்டில் அதிபர் டிரம்ப், ஜனநாயகக் கட்சிக்கு வாக்களிக்கும் யூதர்களிடம் பெரும் விசுவாசக் குறைவு இருப்பதாகச் சொன்னதும் இந்தப் பின்னதைச் சேர்ந்ததுதான்.

அப்படியானால் அடையாளத்துக்கு எந்தப் பங்கும் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. ஃபுளோரிடாவிலிருந்து அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் யூதப் பெண்ணான டெபி வாஸர்மன் ஷுல்ட்ஸ், ஜனநாயகக் கட்சியின் தேசியக் குழுத் தலைவராகவும் இருந்தார். செப்டம்பர் 6 அன்று தொலைக்காட்சிப் பேட்டியில் ஒப்பந்தத்தை ஆதரிப்பதாக அறிவித்தபோது, ஒரு யூதத் தாயாகத் தாம் பட்ட பாட்டைச் சொல்லி அவர் கண் கலங்கினார். இஸ்ரேல் தலைமுறை தலைமுறையாக நிலைத்திருப்பதுதான் தமக்கு முக்கியம் என்று சொல்லியே ஆதரித்தார். அதே காரணத்தைச் சொல்லி எதிர்த்தவர்களும் இருந்தார்கள். இஸ்ரேலுக்கு ஆதரவு திரட்டும் ஏய்பேக் அமைப்பு எதிர்ப்புப் பிரசாரத்துக்குப் பெரும் பணம் செலவிட்டது. இஸ்ரேலை ஆதரிக்கும் தாராளவாதிகளின் ஜே ஸ்ட்ரீட் அமைப்பு ஆதரவுப் பிரசாரம் செய்தது. யூத மத குருக்களான ரபிகள் நூற்றுக்கணக்கானோர் ஆதரித்துக் கையெழுத்திட்டார்கள், நூற்றுக்கணக்கான ரபிகள் எதிர்த்தும் கையெழுத்திட்டார்கள்.

வாக்குகளை உண்மையில் பிரித்தது எது என்று பார்த்தால், கட்சிதான். செப்டம்பர் 10 அன்று செனட்டில் ஒப்பந்தத்தை நிராகரிக்கும் தீர்மானத்தை வாக்கெடுப்புக்குக் கொண்டுவர 60 பேர் தேவைப்பட்டது. 58 பேர்தான் கிடைத்தார்கள்; அதனால் ஒப்பந்தம் தப்பியது. அந்த 58 பேரில் குடியரசுக் கட்சியின் 54 செனட்டர்களும் அடங்குவர். அந்த 54 பேரில் ஒருவர்கூட யூதர் இல்லை. மறுநாள் பிரதிநிதிகள் சபையில் ஒப்பந்தத்தை ஏற்கும் தீர்மானம் 162க்கு 269 என்று தோற்றது. ஜனநாயகக் கட்சியினர் 25 பேர் எதிர்த்தார்கள், குடியரசுக் கட்சியிலிருந்து ஒரு ஆதரவு வாக்குக்கூட வரவில்லை. ஒப்பந்தத்தை எதிர்த்தவர்களில் ஆகப் பெரும்பாலோர் கிறித்தவர்கள். அவர்கள் மதத்தைக் காட்டும் பத்தியை எந்த நாளிதழும் போடவில்லை. போட்டிருந்தால் அது பொருளற்றது என்று எல்லோருக்கும் உடனே புரிந்திருக்கும்.

“அவர்கள் யூதர்கள் என்பதால்தானே எதிர்த்தார்கள்” என்று உறுதியாக நம்புகிறவர்கள், அடுத்து நடந்ததையும் பார்க்க வேண்டும். 2018 ஏப்ரல் 30 அன்று நெதன்யாகு தொலைக்காட்சியில் ஈரானின் அணு ஆவணங்களைக் காட்டி, ஒப்பந்தம் பொய்களின் மேல் கட்டப்பட்டது என்றார். மே 8 அன்று டிரம்ப் அமெரிக்காவை அதிலிருந்து வெளியேற்றினார். நெதன்யாகு அதைப் பாராட்டினார். 2015இல் ஒப்பந்தத்தை எதிர்த்து வாக்களித்த ஷூமரும் கார்டினும் ஏங்கலும் அந்த வெளியேற்றத்தை ஆதரிக்கவில்லை. நடைமுறைக்கு வந்துவிட்ட ஒப்பந்தத்தைக் கடுமையாக அமல்படுத்த வேண்டும், நேச நாடுகளை விட்டுத் தனியாக முறித்துக்கொண்டு போகக் கூடாது என்பதே அவர்கள் நிலைப்பாடாக இருந்தது.